காகத்திடம் கற்க வேண்டியதும் கற்கக் கூடாததும்



அண்மையில் ஒரு செவ்வாய்க்கிழமை. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் காலைத் திருப்பலி முடிந்து மக்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமையில் அந்த முற்றம் எப்படி இருக்கும் என்பதைக் கொழும்பில் வாழும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெழுகுதிரி ஏற்றுவோர், நேர்த்திக்கடன் செலுத்துவோர், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆசீர்வாதம் கேட்போர் என்று சமய வேறுபாடின்றி எல்லோரும் அங்கே நிறைந்திருந்தார்கள்.

பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவனைத் தாய் என்னிடம் அழைத்து வந்தார். பையன் தலையைக் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டிருந்தான். "காகம் கொத்திப்போட்டுது பாதர், செபம் பண்ணி விடுங்க" என்றார் தாய். விசாரித்தபோது விடயம் வெளிவந்தது. ஒரு மாதத்துக்கு முன் வீட்டுக்கு முன்னால் நிற்கும் மரத்திலிருந்த காகக் கூட்டுக்குப் பையன் கல்லெறிந்திருக்கிறான். குஞ்சொன்று கீழே விழுந்துவிட்டது. அன்று தொடங்கி அவன் படலையைத் திறந்து வெளியே வந்தால் இரண்டு காகங்கள் அவன் தலையை நோக்கிப் பாய்கின்றனவாம். பக்கத்தில் நடந்துவரும் தம்பியை அவை தொடுவதில்லை. "அதுகளுக்கு என் முகம் தெரியும் பாதர்" என்றான் பையன், அரைப் பயத்தோடும் அரைப் பெருமையோடும்.

அருகில் நின்ற ஒரு வயோதிபத் தாய் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். 2019-ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று இதே கோவிலில் தம் உறவுப் பெண் ஒருத்தியைப் பறிகொடுத்தவர் அவர். அவர் சொன்னார்: "பார்த்தீங்களா பாதர், காகத்துக்கே இவ்வளவு ரோசம் இருக்கு. நாங்க மட்டும் மன்னிக்கணும், மன்னிக்கணும் என்று கேட்டுக்கொண்டே இருக்கணுமா?"

அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. கோவில் முற்றத்தில் நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய பதிலும் அதற்கு இல்லை. அந்தத் தாய்க்கும், அவரைப் போல உள்ளத்தில் அதே கேள்வியைச் சுமந்து திரியும் உங்களுக்குமாகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

படைப்பும் ஒரு பாடசாலை

விலங்குகளைப் பார்த்துப் பாடம் கற்பது நமது வேதாகமத்துக்குப் புதிதன்று. தம்மைக் குறை கூறிய நண்பர்களை மிருகங்களிடமும் பறவைகளிடமும் போய்க் கேட்டறியச் சொல்கிறார் யோபு (12:7). சோம்பேறியை எறும்பிடம் அனுப்புகிறது நீதிமொழிகள் நூல் (6:6). எருதுக்குத் தன் உடைமையாளனைத் தெரியும், கழுதைக்குத் தன் எசமானின் தீவனத் தொட்டியைத் தெரியும், என் மக்களுக்கோ என்னைத் தெரியவில்லை என்று இறைவன் முறையிடுவதாக எசாயா எழுதுகிறார் (1:3). நம் ஆண்டவரும் வானத்துப் பறவைகளையும், அடைக்கலான் குருவியையும், குஞ்சுகளைச் சிறகினுள் சேர்க்கும் கோழியையும் காட்டிப் போதித்தார்.

நமது அந்தோனியாரின் வரலாற்றிலும் இவ்வாறான இரண்டு கதைகள் உண்டு. 1195-ஆம் ஆண்டளவில் லிஸ்பன் நகரில் பிறந்து, 1231 ஜூன் 13-ஆம் நாள் பதுவா நகருக்கு அருகே உயிர் நீத்த இப்புனிதர், இத்தாலியின் ரிமினி நகரில் போதித்தபோது மக்கள் செவி கொடுக்க மறுத்தார்களாம். அவர் கடற்கரைக்குச் சென்று மீன்களை அழைத்துப் போதித்தார். மீன்கள் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டன என்கிறது மரபு. மற்றக் கதையில், நற்கருணையில் நம்பிக்கையற்ற ஒருவன் தன் கோவேறு கழுதையை மூன்று நாள் பட்டினி போட்டுக் கொண்டு வருகிறான். ஒரு பக்கம் தீவனம், மறுபக்கம் அந்தோனியாரின் கைகளில் நற்கருணை. பசித்த கழுதை தீவனத்தை விட்டு நற்கருணையின் முன்பாக முழந்தாளிட்டதாம்.

இவை வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் கதைகள். இவற்றை நம் முன்னோர் எதற்காகச் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். மீனைப் புகழ்வதற்காகவோ கழுதையை உயர்த்துவதற்காகவோ சொல்லவில்லை. மீன் கேட்டதை மனிதன் கேட்கவில்லையே, கழுதை அறிந்ததை மனிதன் அறியவில்லையே என்று நாம் நாணுவதற்காகச் சொன்னார்கள். விலங்கிடமிருந்து கற்கும் பாடம் முதலில் நம்முடைய தலையைக் குனிய வைக்க வேண்டும். அந்த எண்ணத்தோடு நம்மைச் சுற்றி வாழும் சில உயிர்களைப் பார்ப்போம்.

கற்க வேண்டிய பாடங்கள்

முதலில் முசுறு. மாமரத்தில் ஏறிக் கடி வாங்கியவர்களுக்கு இந்தச் செவ்வெறும்பை நன்றாகத் தெரியும். இலைகளை இணைத்துப் பந்து போலக் கூடு கட்டி வாழ்வது அது. அது கட்டும் விதம் வியப்புக்குரியது. ஓர் எறும்பால் எட்ட முடியாத தூரத்தில் இரண்டு இலைகள் இருந்தால், ஒன்றின் இடையை மற்றொன்று பற்றிக்கொண்டு சங்கிலியாகத் தொங்கி இலையை இழுத்துப் பிடிக்கின்றன. பின்னர் வேறு சில எறும்புகள் கூட்டிலிருந்து தம் புழுக்களை வாயில் ஏந்தி வருகின்றன. அந்தப் புழுக்கள் சுரக்கும் பட்டு நூலால், நெசவாளியின் நாடாவைப் போல அங்குமிங்கும் அசைத்து, இலைகளைத் தைத்து விடுகின்றன. பல எறும்பினங்களின் புழுக்கள் தமக்கென்று கூட்டுறை நெய்துகொள்ள வைத்திருக்கும் நூலை, முசுறுவின் புழு எல்லோருக்குமான வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறது.

பெற்றோரே, உங்கள் வீட்டுக் குடும்பச் செபத்தை எண்ணிப் பாருங்கள். பிள்ளை சிறியது, அதற்கு ஒன்றும் தெரியாது என்று ஒதுக்கிவிடுகிறோம். அது ஒரு மூலையில் கைத்தொலைபேசியைத் தட்டிக்கொண்டிருக்கிறது. முசுறுவின் வீட்டில் புழுவுக்கும் ஒரு வேலை உண்டு. செபமாலையின் ஒரு மணியை மழலைச் சொல்லில் சொல்லும் பிள்ளையும் உங்கள் குடும்பம் என்ற கூட்டைத் தைக்கிறது.

அடுத்தது ஆறுமணிக்குருவி. பச்சை, நீலம், சிவப்பு என்று பல வண்ணம் கொண்ட இந்தச் சிறு பறவை இந்தியாவில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, ஆண்டின் இறுதி மாதங்களில் நம் தீவுக்கு வந்து, பின்னர் திரும்பிச் செல்கிறது. காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கூவுவதால் நம்மவர்கள் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். யாரும் அதற்கு நாட்காட்டி கொடுக்கவில்லை. ஆயினும் புறப்படும் வேளையும் திரும்பும் வேளையும் அதற்குத் தெரியும். எரேமியா இறைவாக்கினர் இதையே கண்டார். நாரைக்கும் புறாவுக்கும் தத்தம் காலம் தெரிகிறது, மக்களுக்கோ இறைவனிடம் திரும்பும் காலம் தெரியவில்லை என்று அவர் மனம் நொந்தார் (8:7). கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்தது எந்த ஆண்டில் என்று நினைவில்லாதவர்கள் நம்மில் எத்தனை பேர்?

மூன்றாவதாக நமது காகம். ஓர் இரையைக் கண்டால் கரைந்து தன் இனத்தைக் கூட்டும் இயல்பை வள்ளுவரே எடுத்துக் காட்டியிருக்கிறார். மூடிய கதவுக்குள் தனியே உண்ணப் பழகிவிட்ட நகர வாழ்க்கைக்கு அந்தக் கரைதல் ஒரு கண்டனம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மாடிக் குடியிருப்புகள் உயர்ந்துவிட்டன. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் அயலவரின் பெயர் தெரியாமலே ஆண்டுகள் கழிகின்றன.

ஆனால் ஓர் எச்சரிக்கை

இவ்வளவு தூரம் வந்த பிறகு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விலங்குகள் செய்யும் எல்லாவற்றையும் நாம் பின்பற்ற முடியாது. ஏன்?

புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் ஓர் எளிய உதாரணம் தருகிறார். ஓநாயைக் கண்டதும் ஆடு ஓடுகிறது. ஓடுவதா நிற்பதா என்று அது ஆலோசித்து முடிவெடுப்பதில்லை. இயல்பூக்கம் அதை ஓடச் செய்கிறது. மனிதனோ ஒன்றையும் அதற்கு எதிரானதையும் எடைபோட்டுப் பார்த்து, ஒன்றைத் தெரிந்துகொள்கிறான். இதுவே சுதந்திரம்.

குயிலின் கதை இதை விளக்கும். குயில் தானாகக் கூடு கட்டுவதில்லை; காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிடுகிறது. காகம் அதைத் தன் குஞ்சென்று எண்ணி ஊட்டி வளர்க்கிறது. அதைப் பார்த்துக் காகத்தின் பரந்த மனத்தைப் புகழ்வோர் உண்டு. உண்மையில் காகம் ஏமாற்றப்படுகிறது. அதற்குத் தெரியாமலே அந்த நன்மை நடக்கிறது. ஆனால் கலவரங்களிலும் குண்டு வெடிப்புகளிலும் பெற்றோரை இழந்த பிள்ளைகளை, இது பிறர் பிள்ளை என்று அறிந்தும், தம் பிள்ளைகளோடு ஒரே பாயில் படுக்க வைத்து வளர்த்த தாய்மார் இந்த நாட்டில் இருக்கிறார்கள். காகம் அறியாமல் செய்ததை அவர்கள் அறிந்து செய்தார்கள். அதுதான் அன்பு.

ஆகவே விலங்கு நமக்கு ஒரு தொடக்கப் பாடசாலை. அங்கே சில வகுப்புகள்தான் உண்டு. மேல் வகுப்புக்கு வேறோர் ஆசிரியரிடம் போக வேண்டும்.

காகத்தின் நினைவு

இப்போது அந்தச் சிறுவனின் காகத்துக்குத் திரும்புவோம். அதுகளுக்கு என் முகம் தெரியும் என்று அவன் சொன்னது வெறும் கற்பனை அன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோன் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் இதைப் பரிசோதித்துப் பார்த்தார். அங்குள்ள காகம் நம் கொழும்புக் காகத்தின் இனமன்று. ஆனால் நெருங்கிய உறவு.

2006-ஆம் ஆண்டில் அவரும் துணைவர்களும் குகைமனிதன் போன்ற பயங்கரமான முகமூடி ஒன்றை அணிந்துகொண்டு ஏழு காகங்களைப் பிடித்தார்கள். கால்களில் வளையம் மாட்டிவிட்டு, காயமெதுவும் செய்யாமல் விட்டுவிட்டார்கள். அதன்பின் அதே முகமூடியோடு எவர் வளாகத்தில் நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தித் துரத்தத் தொடங்கின. வேறொரு முகமூடி அணிந்து நடந்தவரை அவை பொருட்படுத்தவில்லை.

வியப்பு அதோடு முடியவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல கத்தும் காகங்களின் தொகை கூடியது. பிடிபட்டவை ஏழு காகங்கள் மாத்திரமே. பிடிபடாத காகங்களும், அந்தச் சம்பவத்தின் பின்னர் பிறந்த குஞ்சுகளும் அந்த முகத்தைக் கண்டு கத்தின. தாய் தந்தையர் கத்துவதைப் பார்த்துக் குஞ்சுகள் கற்றுக்கொண்டன. கூட்டத்தைப் பார்த்து மற்றவை கற்றுக்கொண்டன. அந்தப் பகை ஓய்ந்துபோக ஏறக்குறைய 17 ஆண்டுகள் சென்றன.

காகத்தின் மேல் குற்றமில்லை. குஞ்சைக் காக்க இறைவன் அதற்குத் தந்த இயல்பு அது. பயமே அங்கே பகையாகத் தோற்றம் கொள்கிறது. ஆனால் இந்தப் பரிசோதனையில் நம் மனச்சாட்சியைத் தொடும் செய்திகள் இரண்டு உண்டு.

ஒன்று: தாங்கள் காணாத குற்றத்துக்காகக் குஞ்சுகள் ஒருவரை வெறுக்கக் கற்றுக்கொள்கின்றன. பகை இரத்தத்தில் வருவதில்லை. பெற்றோரின் குரலில் வருகிறது.

இரண்டு: காகம் அந்த ஒரு முகத்தை மாத்திரமே வெறுத்தது. மற்ற முகமூடியை விட்டுவிட்டது. கொச்சிக்கடைக் காகமும் கல்லெறிந்த அண்ணனைக் கொத்தியது. கூட வந்த தம்பியை விட்டுவிட்டது. நாமோ? ஒருவன் செய்த குற்றத்துக்கு அவனுடைய மொழி பேசும் அனைவரையும், அவனுடைய சமயப் பெயர் தாங்கிய அனைவரையும் ஒரே முகமாக்கிவிடுகிறோம். பகை பாராட்டுவதிலே கூட காகம் நம்மிலும் பார்க்க நீதியாய் நடக்கிறது!

நம் ஊரின் மூன்று நினைவுகள்

இது வெறும் பேச்சன்று. நம் ஊரின் வரலாறே சாட்சி.

1883 மார்ச் 25-ஆம் நாள். அன்றும் உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனை பௌத்த விகாரையில் நடைபெற்ற விழாவுக்காக ஊர்வலமொன்று வந்துகொண்டிருந்தது. நம் சமயத்தை இழிவுபடுத்தும் உருவங்களை அவர்கள் எடுத்து வருகிறார்கள் என்ற வதந்தி பரவியது. கத்தோலிக்கர் திரண்டு சென்று அந்த ஊர்வலத்தைத் தாக்கினார்கள். இரத்தம் சிந்தியது, உயிரும் போயிற்று. ஆண்டவர் உயிர்த்தெழுந்து தம்மைக் கைவிட்ட சீடருக்குச் சமாதானம் கூறிய அதே நாளில் நம்மவர்களின் கைகளில் தடி இருந்தது. அடிபட்டவர்கள் என்றுதான் நம்மை நாம் எண்ணிக்கொள்கிறோம். அடித்தவர்களாகவும் இருந்திருக்கிறோம்.

அடுத்தது 1983 ஜூலை. இதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடும் கடையும் எரிய, உடுத்த உடையோடு ஓடியவர்கள் உங்கள் பெற்றோர், உங்கள் பாட்டன் பாட்டியர். அதே நாட்களில் தம் வீட்டு அறையைத் திறந்து தமிழரை ஒளித்துக் காப்பாற்றிய சிங்கள அயலவரும் முஸ்லிம் அயலவரும் இருந்தார்கள். வீட்டில் பிள்ளைகளுக்கு எந்தப் பாதியைச் சொல்லிக் கொடுத்தீர்கள்? எரித்தவனின் கதையை மட்டுமா? கதவைத் திறந்தவரின் கதையையும் சேர்த்தா?

மூன்றாவது 2019 ஏப்ரல் 21. காலை எட்டே முக்கால் மணியளவில், உயிர்ப்பு விழாத் திருப்பலி வேளையில் நம் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. அதே நாளில் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் திருத்தலம் அடுத்த ஜூன் 12-ஆம் நாள், புனிதரின் திருநாளுக்கு முந்தின தினம், மீண்டும் திறக்கப்பட்டது.

அந்த நாட்களில் யாரும் சட்டத்தைக் கையில் எடுக்க வேண்டாம், முஸ்லிம் சகோதரரைத் துன்புறுத்த வேண்டாம் என்று பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டார். ஆயினும் அடுத்த மே மாதத்தில் நீர்கொழும்பிலும் வடமேல் மாகாணத்தின் பல ஊர்களிலும் முஸ்லிம்களின் வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. குண்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் தம் வீட்டிலே கொல்லப்பட்டார். தம்பியைக் கொத்தாத காகத்தை அப்போது யாராவது நினைத்திருந்தால்!

குரங்கும் சமாதானம் செய்கிறது

அப்படியானால் விலங்குகளிடம் சமாதானமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. நெதர்லாந்தின் ஆர்னெம் மிருகக்காட்சிச் சாலையில் சிம்பன்சிக் குரங்குகளை ஆராய்ந்த பிரான்ஸ் டி வால் என்பவர், சண்டையிட்ட குரங்குகள் சற்று நேரத்தில் ஒன்றையொன்று தேடிச் சென்று, தழுவி, முத்தமிட்டு உறவைப் புதுப்பிப்பதை 1979-இல் எடுத்துரைத்தார். பின்னர் வேறு பல விலங்குகளிடமும் இந்தப் பழக்கம் கண்டறியப்பட்டது. கணவனும் மனைவியும் நாட்கணக்கில் முகம் பார்க்காமல் இருக்கும் வீடுகள், பங்குக் காணிக்காகவும் சீதனத்துக்காகவும் பத்து ஆண்டு பேசாத உடன்பிறப்புகள் இந்தக் குரங்குகளின் முன் நாண வேண்டாமா?

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே கூட்டத்தில், ஒருவருக்கொருவர் தேவையாய் இருப்பவர்களுக்குள்தான் இந்தச் சமாதானம் பெரும்பாலும் நடக்கிறது. அயல் கூட்டத்துச் சிம்பன்சியைக் கண்டால் அவை கொல்லவும் தயங்குவதில்லை.

மலைப்பொழிவில் நம் ஆண்டவர் கேட்ட கேள்வி இங்கேதான் நினைவுக்கு வருகிறது. உங்களை அன்பு செய்வோரையே நீங்கள் அன்பு செய்தால் அதில் என்ன கைம்மாறு, வரி தண்டுவோரும் அப்படிச் செய்கிறார்களே என்று கேட்டார் (மத்தேயு 5:46). இன்று நாம் அதோடு சேர்த்துச் சொல்லலாம்: காட்டுக் குரங்கும் அப்படிச் செய்கிறதே! நல்லோர் மேலும் தீயோர் மேலும் தம் கதிரவனை உதிக்கச் செய்யும் தந்தையைப் போல் இருக்க வேண்டும் என்ற பாடம் எந்த விலங்கின் பாடசாலையிலும் இல்லை. அது கல்வாரியில் கற்பிக்கப்பட்டது. ஆணிகள் அறையப்பட்ட நிலையில், அறைந்தவர்களுக்காகத் தந்தையிடம் மன்றாடிய ஒருவரே அதன் ஆசிரியர்.

மன்னிப்பு என்றால் என்ன?

அந்த வயோதிபத் தாயின் கேள்வி நியாயமானது. எனவே மன்னிப்பு எது, எது மன்னிப்பு அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மன்னிப்பு மறதி அன்று. இறந்தவர்களை மறக்கும்படி திருச்சபை ஒருபோதும் கேட்டதில்லை. ஒவ்வொரு திருப்பலியிலும் அவர்களை நினைவுகூர்கிறோம்.

மன்னிப்பு நீதியைக் கைவிடுவதும் அன்று. 1981 மே 13-இல் தம்மைச் சுட்ட அலி அக்கா என்பவரைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சில நாட்களிலேயே பகிரங்கமாக மன்னித்தார். 1983 டிசெம்பர் 27-இல் சிறைக்கூடத்துக்கே சென்று அவரோடு தனித்துப் பேசினார். ஆனால் சிறைத் தண்டனை தொடர்ந்தது. நமது திருச்சபையும் 2019 குண்டுத் தாக்குதலின் பின்னணியில் இருந்தோரைக் கண்டறியும்படி ஆண்டுதோறும் கேட்டு வருகிறது. முன்னெச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரி 12-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதி கேட்பது பகை பாராட்டுவது ஆகாது. குற்றவாளி யார் என்று கேட்பவர், குற்றமற்றவர் யார் என்பதையும் அறிய விரும்புகிறார்.

மன்னிப்பு ஓர் உணர்ச்சியும் அன்று. நெஞ்சு கொதித்துக்கொண்டிருக்கும்போதே மன்னிக்க முடியும். ஏனெனில் அது சித்தத்தின் செயல். அந்தச் சுதந்திரம் செய்யும் செயல்களுள் மிக உயர்ந்தது. ஓநாயைக் கண்ட ஆட்டால் நிற்க முடியாது. குஞ்சை இழந்த காகத்தால் மன்னிக்க முடியாது. நம்மால் முடியும். சுதந்திரம் உள்ளதால் நாம் காகத்திலும் கீழே போகலாம். அதனிலும் மேலே போகலாம். கொதிப்பு அடங்காத நாளில், "ஆண்டவரே, என்னால் முடியவில்லை, மன்னிக்க விரும்பும் மனத்தையாவது தாரும்" என்று செபிப்பதே போதுமான தொடக்கம். எழுபது தடவை ஏழு முறை என்று பேதுருவுக்குச் சொன்னவர், ஒரே நாளில் முடியும் காரியம் இது என்று சொல்லவில்லை.

நாவைக் காப்போம்

புனித அந்தோனியார் இறந்து 32 ஆண்டுகளுக்குப் பின், 1263-இல் அவருடைய கல்லறை திறக்கப்பட்டபோது உடல் மண்ணாகியிருந்தும் நாவு அழியாமல் இருந்தது என்பது நீங்கள் அறிந்த செய்தி. அந்தத் திருநாவின் சிறு பகுதியொன்று நம் கொச்சிக்கடைத் திருத்தலத்தில் வைத்து வணங்கப்படுகிறது. அதன் முன் நின்று நம் விண்ணப்பங்களைச் சொல்கிறோம். நம் நாவைப் பற்றி ஒரு நிமிடம் நினைக்கிறோமா?

இராச் சாப்பாட்டு வேளையில் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. அவன்கள் எல்லாரும் இப்படித்தான் என்ற ஒரு வார்த்தை போதும். சிங்களவரைப் பற்றி இருக்கலாம், முஸ்லிம்களைப் பற்றி இருக்கலாம், மலையகத்தாரைப் பற்றியோ யாழ்ப்பாணத்தாரைப் பற்றியோ இருக்கலாம். பிள்ளை ஒன்றும் அறியாது. பெற்றோர் கத்துவதைப் பார்த்துக் குஞ்சும் கத்துகிறது. ஆபத்தைக் குறித்துப் பிள்ளையை எச்சரிப்பது பெற்றோரின் கடமை. ஓர் இனத்தின் முகத்தையே ஆபத்தாகக் காட்டிக் கொடுப்பது பாவம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் சிறுவனின் தலையில் கை வைத்துச் செபித்தேன். "இனிமேல் கூட்டுக்குக் கல்லெறிய மாட்டாயா?" என்று கேட்டேன். "மாட்டேன் பாதர். ஆனா காகத்துக்கு அது எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டான். நல்ல கேள்வி. அவனுடைய மனத்தாபம் காகத்துக்குத் தெரியாது. அது இன்னும் பல நாள் கொத்தும். தலையில் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான் என்று சொன்னேன்.

அந்த வயோதிபத் தாய் சிரித்தார். பின்னர் தம் கைப்பையிலிருந்து இரண்டு மெழுகுதிரிகளை எடுத்தார். ஒன்று இறந்துபோன பெண்ணுக்கு என்றார். மற்றது யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டையும் ஏற்றிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்து போனார். அவருடைய கேள்விக்கு என்னிலும் பார்க்க அவரே நல்ல பதிலைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

குடும்பமாகச் சிந்திப்பதற்கு

1. நம் குடும்பச் செபத்தில் சிறு பிள்ளைகளுக்கு என்ன பங்கு கொடுக்கிறோம்?

2. நமக்குத் தீமை செய்தவர்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். அதே இனத்தில் அல்லது சமயத்தில் நமக்கு நன்மை செய்தவர் ஒருவரின் கதையை இந்த வாரம் சொல்வோமா?

3. பேசாமல் விட்ட உடன்பிறப்பு, உறவினர், அயலவர் யாராவது உண்டா? முதலில் யார் படியேறிப் போவது?

இவ்வாரத் தீர்மானம்: ஒருவர் செய்த குற்றத்துக்காக அவரைச் சேர்ந்த அனைவரையும் குறை கூறும் வார்த்தை ஒன்றேனும் நம் வீட்டில் எழாதிருக்க, ஏழு நாளும் நம் நாவைக் காப்போம்.